செருப்புக்காகக் காலா, காலுக்காகச் செருப்பா?

இல்லமும் உடல்நலமும்



மேட்டூரில் ஒரு பங்கில் சென்ற ஆண்டு நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியோடு இம்மாதப் பகுதியைத் தொடங்குகிறேன்.

பெரிய வியாழனுக்கு இன்னும் பத்து நாட்கள் இருந்தன. பாதம் கழுவும் சடங்கிற்குப் பன்னிருவரைப் பங்குத் தந்தை தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். முற்காலத்தில் அதற்கு ஆண்களே அழைக்கப்பட்டனர். 2016ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் அவ்விதியைத் திருத்தியபின், பெண்களும் அப்பன்னிருவருள் இடம்பெறலாம் என்றாயிற்று. ஆதலால் தந்தை, அணைப் பூங்காவின் அருகே மீன் வறுத்து விற்கும் ஒரு தாயின் பெயரையும் எழுதப் போனார். தவறாமல் திருப்பலிக்கு வருபவர். இருபத்தைந்து ஆண்டுகளாக அடுப்பருகே நின்றே இரு பிள்ளைகளை ஆளாக்கியவர்.

ஆனால் அந்தத் தாயோ பதறிப் போனார்.

“வேண்டாங்க சாமி. வேறு யாரையாவது எழுதிக்கொள்ளுங்க. என் காலைக் கோயிலில் நீட்டினால் பார்க்கிறவர்களுக்கு அருவருப்பாய் இருக்கும்” என்று கூறி, சேலையின் கரையை இழுத்துப் பாதங்களை மறைத்துக்கொண்டார்.

தந்தை வற்புறுத்தவில்லை. அருகிலிருந்த எனக்கோ அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது. அன்று மாலை அவர் இல்லத்துக்குச் சென்றபோது, நெடுநேரத் தயக்கத்துக்குப் பின் பாதங்களைக் காட்டினார். இரு கால்களிலும் பெருவிரல் சாய்ந்து அடுத்த விரலின்மேல் ஏறியிருந்தது. பெருவிரலின் அடிப்பகுதியில், பாதத்தின் உட்புறமாக, கோலிக்குண்டு அளவில் எலும்பு புடைத்திருந்தது. அதன்மேல் தோல் சிவந்து, மினுமினுப்பாகத் தடித்திருந்தது. வலக்காலில் வீக்கம் மிகுதி.

“எவ்வளவு காலமாக இப்படி, அம்மா?”

“சின்னவள் பிறந்த காலத்திலேயே லேசாகச் சாய்ந்திருந்ததுங்க. வலி மட்டும் இந்த நாலைந்து வருஷமாகத்தான். ராத்திரியில் போர்வை பட்டாலும் சுருக்கென்கிறது.”

“மருத்துவரிடம் காட்டினீர்களா?”

“இந்தக் காலுக்கா?” என்று அவர் என்னை வியப்போடு பார்த்தார்.

இந்தக் காலுக்கா! நம் குடும்பங்களில் எத்தனை தாய்மார்கள் இவ்வாறு கேட்கிறார்கள்! பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடுவர். கணவருக்கு நெஞ்சு வலித்தால் அலறுவர். தம் பாதம் நோகும்போது மட்டும், “வயசானால் இப்படித்தான்” என்று அடக்கிக்கொள்வர். அவர்களுக்காகவும், அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்தும் அவர்களது பாதத்தை ஒருநாளும் உற்று நோக்காத நமக்காகவும் இதனை எழுதுகிறேன்.

இந்நோய் யாது?

மருத்துவ நூல்கள் இதனை ‘ஹாலக்ஸ் வால்கஸ்’ என்னும் இலத்தீன் பெயரால் அழைக்கின்றன. பெருவிரல் வெளிப்புறமாகச் சாய்தல் என்பதே அதன் பொருள். பேச்சு வழக்கில் மருத்துவர்கள் ‘பனியன்’ என்பர். மேட்டூர்த் தாய் பின்னர் மருத்துவமனைக்குச் சென்றபோது, “உங்களுக்குப் பனியன் இருக்கிறது, அம்மா” என்றாராம் இளம் மருத்துவர். “அது என் வீட்டுக்காரருக்குத்தானே டாக்டர் இருக்கிறது, எனக்கு எதற்கு?” என்றாராம் இவர். சிரிப்பு அடங்கியபின்தான் வைத்தியம் தொடங்கியது.

பலரும் இதனை எலும்பு வளர்ந்துவிட்ட நோய் என்று எண்ணுகின்றனர். உண்மையில் பெரும்பாலும் அங்கே புதிதாய் எதுவும் வளர்வதில்லை. எலும்புகள் இடம் பெயர்வதே காரணம். பெருவிரலைத் தாங்கும் நீண்ட பாத எலும்பு மெல்ல மெல்ல மற்றக் காலை நோக்கிச் சரிகிறது. பெருவிரலின் நுனியோ எதிர்ப்புறமாக, சுண்டுவிரலை நோக்கிச் சாய்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள மூட்டு, வளைத்த வில்லின் முதுகுபோல் வெளியே துருத்துகிறது. நாம் புடைப்பு என்று காண்பது அந்த மூட்டையே. அதன்மேல் செருப்பின் வாரோ காலணியின் ஓரமோ நாள் முழுதும் உராயும்போது, தோலுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள சிறு நீர்ப்பை வீங்குகிறது. சிவப்பும் எரிச்சலும் வலியும் அதனால் வருவன.

காரணம் என்ன?

காரணம் ஒன்றன்று. முதலாவது, பரம்பரை. நோயே வழிவழியாக வருகிறது என்பதைவிட, அதற்கு இடங்கொடுக்கும் பாத அமைப்பும் தளர்ந்த மூட்டுகளும் தாயிடமிருந்தும் பாட்டியிடமிருந்தும் வருகின்றன எனல் பொருந்தும். மேட்டூர்த் தாயின் அன்னைக்கும் இதே புடைப்பு இருந்ததாம். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது மிகுதி. வயது ஏற ஏறக் கூடுவது. முடக்குவாதம் போன்ற மூட்டு நோய்களாலும் இது உண்டாகலாம்.

இரண்டாவது, காலணி. முன்புறம் குறுகிய காலணி ஐந்து விரல்களையும் ஒன்றாக நெருக்குகிறது. குதி உயர்ந்த காலணியோ உடலின் பாரத்தை முன்பாதத்தின்மேல் தள்ளி, விரல்களை அக்குறுகிய கூண்டுக்குள் அழுத்துகிறது. இயல்பாகவே தளர்ந்த மூட்டுடையவருக்கு இது மேலும் தீங்காகிறது.

இதற்குச் சான்றுகள் உண்டு. ஹாங்காங்கில் இரு மருத்துவர்கள் ஆய்ந்து 1958ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை மருத்துவ உலகில் நன்கு அறியப்பட்டது. காலணி அணியும் சீனர் 118 பேரையும், காலணியே அணியாத சீனர் 107 பேரையும் அவர்கள் ஒப்பிட்டனர். காலணி அணிந்தோருள் நூற்றுக்கு 33 பேருக்கு இப்புடைப்பு இருந்தது. வெறுங்காலினருள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை, 1.9 விழுக்காடே.

இன்னும் பழைய சான்று ஒன்று இங்கிலாந்தில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தது. கேம்பிரிட்ஜ் நகரிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள இடைக்காலக் கல்லறைகளிலிருந்து எடுக்கப்பட்ட 177 எலும்புக்கூடுகளை அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆய்ந்து, 2021இல் முடிவுகளை வெளியிட்டனர். 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்தோருள் இந்நோய் 6 விழுக்காட்டினருக்கே இருந்தது. 14, 15ஆம் நூற்றாண்டுகளிலோ அது 27 விழுக்காடாயிற்று. காரணம், 14ஆம் நூற்றாண்டில் கூர்முனைக் காலணிகள் நாகரிகமாகப் பரவியமையே என்பது அவர்கள் கருத்து. நாட்டுப்புற ஏழைகளின் கல்லறையில் இது மிக அரிது. அகுஸ்தீன் சபைத் துறவிகளின் மடத்திலோ, துறவியர் என்று இடைவார்க் கொக்கியால் அடையாளம் காணப்பட்ட பதினொருவருள் ஐவருக்கு இப்புடைப்பு இருந்தது. குருக்கள் கூர்முனைக் காலணி அணியலாகாது என்று 1215ஆம் ஆண்டிலேயே திருச்சபை தடை விதித்திருந்தும் இந்நிலை! நாகரிகத்தின் மோகம் மடத்தின் மதிலையும் தாண்டும்போலும். இந்நோய் உடைய முதியோரின் எலும்புகளில், கீழே விழுந்து முறிந்தமைக்கான தழும்புகளும் மிகுதியாயிருந்தன என்பது நாம் கருத்திற் கொள்ள வேண்டிய செய்தி. பெருவிரல் பிடிமானம் இழந்தால் முழு உடலும் தடுமாறும்.

“நாம் கூர்முனைக் காலணியா அணிகிறோம்?” என நீங்கள் கேட்கலாம். மேட்டூர்த் தாய் அணிந்தது என்ன தெரியுமா? சந்தையில் வாங்கிய பிளாஸ்டிக் ‘கட்ஷூ’. கொதிக்கும் எண்ணெய் காலில் தெறிக்காமலிருக்க முன்புறம் மூடியது வேண்டும் என்று வாங்கினார். அவர் அளவு கிடைக்கவில்லை. ஓர் அளவு குறைந்தது மலிவாகக் கிடைத்தது. “போடப் போட இளகிவிடும்” என்றார் கடைக்காரர். தோல் இளகும், வார்த்தெடுத்த பிளாஸ்டிக் இளகாது. இளகிக் கொடுத்தது அவருடைய எலும்பே.

நம் மேட்டூரில் அனல்மின் நிலையத்திலும் தொழிற்சாலைகளிலும் இரும்பு முனைக் காலணி அணிந்து உழைப்போர் பலர். பள்ளிச் சிறுவர்க்குக் கறுப்புக் காலணி. செவிலியர்க்கும் காவலர்க்கும் நாள் முழுதும் மூடிய காலணி. இவர்கள் யாவரும் அளவில் கருத்தாயிருத்தல் வேண்டும்.

வலி கூறும் செய்தி

வலியைச் சகித்துக்கொள்வதே புண்ணியம் என்று எண்ணும் தாய்மார்க்கு ஒரு மருத்துவரை நினைவூட்ட விரும்புகிறேன். அவர் பிறந்தது நமக்கு அண்மையில்தான். சேலம், நாமக்கல் சமவெளியில் நின்று நோக்கினால் கிழக்கே எழுந்து நிற்கும் கொல்லிமலையில், 1914ஆம் ஆண்டில், ஆங்கிலேய மறைபணியாளர் ஜெஸ்ஸி பிராண்டு, ஈவ்லின் இணையருக்கு மகனாகப் பிறந்தார் பால் பிராண்டு. தந்தை 1929இல் அம்மலையிலேயே காய்ச்சலால் மாண்டார். மகன் இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் கற்று, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

அக்காலத்தில் தொழுநோயாளரின் பாதங்கள் தாமாகவே அழுகுகின்றன என்று பலரும் நம்பினர். பிராண்டும் அவர்தம் துணைவரும் அது அவ்வாறன்று என்று கண்டனர். தொழுநோய் நரம்புகளைக் கெடுக்கிறது. பாதம் வலி உணர்வை இழக்கிறது. முள் தைத்தாலும், செருப்பு கடித்தாலும், ஓரிடத்திலேயே பாரம் அழுத்தினாலும் நோயாளி உணர்வதில்லை. நமக்கோ செருப்பு கடித்தால் சுருக்கென்று வலிக்கிறது; உடனே நடையை மாற்றுகிறோம், அல்லது செருப்பைக் கழற்றுகிறோம். அவரோ அதே இடத்தில் அழுத்தி அழுத்தி நடக்கிறார். புண் உண்டாகிறது. பாதத்தைக் கெடுத்தது வலி அன்று; வலியின்மையே! வேலூரிலும் காரிகிரியிலும் இவ்வாராய்ச்சி வளர்ந்தது. மென்மையான நுண்துளை ரப்பரைப் பாதத்துக்கடியில் வைத்துத் தைத்த செருப்புகள் உருவாயின. ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்று மருத்துவமனைகளில் வழங்கும் அச்செருப்பு, தொழுநோயாளருக்கும், சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கும் இன்றும் அளிக்கப்படுகிறது. பிராண்டு 2003ஆம் ஆண்டில் காலமானார். வலி என்பது உடலுக்கு வாய்த்த ஒரு கொடை என்பதே அவர் வாழ்நாள் முழுதும் எடுத்துரைத்த கருத்து.

இதனை நம் மேட்டூர்த் தாயின் பாதத்துக்குப் பொருத்திப் பாருங்கள். அவர் வலி ஐந்து ஆண்டுகளாக ஒரே செய்தியைக் கூறிக்கொண்டிருந்தது: “அம்மா, இந்தக் காலணி எனக்கு ஒவ்வாது.” அவர் செவிமடுக்கவில்லை. வலி மாத்திரையை விழுங்கி அத்தூதனின் வாயை அடைத்துவிட்டு, அதே காலணியோடு அடுப்பருகே நின்றார். செருப்புக்காகக் காலைத் தறிப்பதா என்று கேட்கும் பழமொழி நம்மிடம் உண்டு. ஒரே வெட்டில் தறித்தால் ஊர் திகைக்கும். இருபத்தைந்து ஆண்டுகளில் சிறிது சிறிதாகத் தறித்தால் யாரும் கவனிப்பதில்லை!

இல்லத்தில் செய்யத்தக்கவை

முதலில் ஓர் உண்மையை ஒளிவுமறைவின்றிக் கூறிவிடுகிறேன். சாய்ந்துவிட்ட பெருவிரலை எண்ணெயோ, மருந்தோ, பட்டையோ, பயிற்சியோ நிமிர்த்திவிடாது. ஆனால் வலி வேறு, வளைவு வேறு. வளைவு நீங்காமலே வலி நீங்கலாம். பெரும்பாலோர்க்கு அறுவை சிகிச்சையின்றியே நிவாரணம் கிடைக்கிறது.

காலணியை மாற்றுதலே முதல் மருந்து. அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. மாலை வேளையில், பாதம் சற்று வீங்கியிருக்கும்போது, ஒரு தாளின்மேல் நின்று, பிறரைக் கொண்டு பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு வரையச் செய்யுங்கள். அமர்ந்திருந்து வரைந்தால் அளவு தவறும். நின்றால்தான் பாதம் விரியும். அத்தாளை வெட்டி உங்கள் காலணியின்மேல் வையுங்கள். தாள் காலணிக்கு வெளியே நீண்டால், அத்தனை அகலப் பாதத்தை நாள்தோறும் அதனுள் திணித்து வந்திருக்கிறீர்கள் என்பது விளங்கும். புதிது வாங்கச் செல்லும்போதும் மாலையிலேயே செல்லுங்கள். இரு பாதங்களும் ஒரே அளவாயிரா. பெரிய பாதத்துக்கே அளவு எடுங்கள். மிக நீண்ட விரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகல இடம் இருக்கட்டும். விரல்களை உள்ளே அசைக்க முடிதல் வேண்டும். குதியின் உயரம் ஓர் அங்குலத்துக்கு மிகலாகாது. புடைப்பின்மேல் தையலோ கொக்கியோ வாரின் ஓரமோ படாதிருத்தல் வேண்டும்.

புதிது வாங்க வசதியில்லையெனில், செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் செல்லுங்கள். வாரைப் பிரித்து, புடைப்பைத் தொடாதவாறு சற்று முன்னேயோ பின்னேயோ மாற்றித் தைத்துக் கொடுப்பார். தோற்காலணியாயின் புடைப்பு வரும் இடத்தை மட்டும் தட்டி விரித்துத் தருவார்.

இரும்பு முனைக் காலணி அணிவோர் அதைக் கைவிடலாகாது. வலிக்கிறதென்று வெட்டவும் கூடாது. அகலப் பாதத்துக்குரிய அளவைக் கேட்டுப் பெறுதலே வழி. காலுறை தடித்ததாயின் அதனோடு சேர்த்தே அளவு பாருங்கள். இறுக்கமான காலுறையும் விரல்களை நெருக்கும் என்பதை மறவாதீர்கள்.

அடுத்து, மெத்தை. மருந்துக் கடையில் கிடைக்கும் மென்மையான பஞ்சுப்பட்டையைக் குதிரை லாடம்போல் வெட்டி, புடைப்பின்மேல் அன்று, அதனைச் சுற்றி ஒட்டுங்கள். அப்போது காலணியின் அழுத்தம் பட்டையின்மேல் விழும், புடைப்பின்மேல் விழாது. மிகத் தடித்த பட்டையை இறுக்கமான காலணிக்குள் திணித்தால் அழுத்தம் கூடும். ஆகவே முதலில் இடம், பின்னரே மெத்தை. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே வைக்கும் மென்மையான ரப்பர்த் துண்டு விரல்கள் உராய்வதைத் தடுத்துச் சிலருக்கு ஆறுதல் தரும். ஆயின், “முப்பது நாளில் விரலை நேராக்கும்” என்று விளம்பரம் செய்யப்படும் கருவிகளை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள்.

வீங்கிச் சிவந்த நாட்களில், பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். நேரே தோலின்மேல் வைத்தலாகாது. பாதம் மரத்துப் போனவர்கள் சூட்டு ஒத்தடமும் குளிர் ஒத்தடமும் மருத்துவரைக் கேளாமல் செய்யவே கூடாது.

பயிற்சிகளும் உண்டு. நாற்காலியில் அமர்ந்து, தரையில் விரித்த துண்டைக் கால்விரல்களால் சுருட்டி இழுத்தல். சிறு கூழாங்கற்களை விரல்களால் பற்றி எடுத்துக் கிண்ணத்தில் இடுதல். பெருவிரலைக் கையால் பிடித்து மெல்ல நேராக்கிச் சில விநாடி நிறுத்துதல். நாள்தோறும் ஐந்து நிமிடம் போதும். விரல் நேராகாவிட்டாலும் மூட்டு விறைக்காதிருக்கவும், பாதத் தசைகள் வலுப்பெறவும் இவை உதவும்.

நின்றே தொழில் செய்வோர் நடுநடுவே அமர்தல் வேண்டும். உடல் எடை மிகுந்தோர் அதனைக் குறைத்தால் முன்பாதத்தின் சுமையும் குறையும்.

வலி மிகும்போது பாரசிட்டமால் மாத்திரை சில நாட்களுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மருந்துக் கடையில் “கால் வலிக்கு” என்று கேட்டு வாங்கும் டைக்ளோபினாக் போன்ற மாத்திரைகள், இரைப்பைப் புண், சிறுநீரகக் கோளாறு, இரத்த அழுத்தம், இதய நோய் உடையோர்க்குத் தீங்கு செய்யும். மருத்துவர் சொல்லின்றி மாதக்கணக்கில் அவற்றை விழுங்குதல் ஆபத்து.

செய்யத் தகாதவை

புடைப்பை ஆணி என்று கருதிப் பிளேடால் சீவுவோர் உண்டு. சீவினால் வருவது புண்ணே. கால் ஆணிக்கு ஒட்டும் அமிலப் பட்டையைப் புடைப்பின்மேல் ஒட்டினாலும் தோல் வெந்துவிடும். எருக்கிலையைச் சூடான செங்கல்லின்மேல் வைத்து மிதிப்பது நம் ஊர்களில் பழைய வழக்கம். எருக்கம்பால் தோலைப் புண்ணாக்கும். செங்கல்லின் சூடு, பாதம் மரத்த சர்க்கரை நோயாளிக்குத் தெரியாமலே கொப்புளம் எழுப்பும். அந்தச் சிறு கொப்புளத்தில் தொடங்கி விரலையே இழந்தோர் உண்டு.

சர்க்கரை நோயாளர்க்கு ஒரு தனி விண்ணப்பம். பெருவிரலின் புடைப்பு உங்களுக்கு வெறும் வலியன்று. புண் தோன்றும் வாயில். ஒவ்வொரு நாளும் இரவில் பாதத்தை விளக்கொளியில் பாருங்கள். குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். காலணியை மாட்டுமுன் உள்ளே கையை விட்டு, கல்லோ முள்ளோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வீட்டினுள்ளும் வெறுங்காலோடு நடவாதீர்கள். வேளாங்கண்ணிக்கு வெறுங்காலோடு நடைப்பயணம் போவதாக நேர்ந்துகொள்ளுமுன் மருத்துவரைக் கேளுங்கள். மென்மையான செருப்பணிந்து நடந்து செல்வதால் செபத்தின் மதிப்பு குறைந்துவிடாது.

எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

பெருவிரல் மூட்டு ஓரிரவில் திடீரெனச் சிவந்து, கொதித்து, தொடவொண்ணாது வலித்தால், அது யூரிக் அமிலத்தால் வரும் கீல்வாதமாக இருக்கலாம். அதற்கு வேறு மருத்துவம். புண், சீழ், காய்ச்சல் தோன்றினாலும், பல மூட்டுகள் ஒருசேர வீங்கினாலும், பாதம் மரத்தாலும் காலம் தாழ்த்தாதீர்கள். காலணியை மாற்றிச் சில வாரங்களாகியும் வலி தணியவில்லையெனில், அரசு மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவை அணுகுங்கள். நின்ற நிலையில் எடுக்கும் எக்ஸ்ரே படம் எலும்பின் சாய்வை அளந்து காட்டும்.

அறுவை சிகிச்சை பற்றிப் பலர் கேட்கின்றனர். இதற்கென நூற்றுக்கு மேற்பட்ட முறைகள் மருத்துவ நூல்களில் கூறப்பட்டுள்ளன. பெரும்பாலானவற்றில், சரிந்த எலும்பை வெட்டி, நேராக நகர்த்தி, சிறு திருகாணியால் பொருத்துகின்றனர். துருத்தியதை வெறுமனே செதுக்கிவிடும் எளிய வேலையன்று இது. ஏறக்குறைய ஆறு வாரம் தனிவகைச் செருப்போடு நடக்க நேரும். வீக்கம் முற்றும் வடியப் பல மாதங்கள் ஆகும். பலருக்கு நல்ல பலன் கிடைக்கிறது. எனினும் மூட்டு விறைத்தல், மரத்தல், சிலருக்கு மீண்டும் சாய்தல் ஆகியவையும் உண்டு. ஆகவே தக்க காலணி அணிந்தும் அன்றாட வாழ்வை வலி முடக்கினால் மட்டுமே அறுவையை நாட வேண்டும். திருமணத்துக்கு அழகான காலணி அணிய வேண்டும் என்பதற்காக அன்று.

பெற்றோருக்கு ஒரு சொல். மணிப்பாலில் 2,300 சிறுவர் சிறுமியரை ஆய்ந்த இரு மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட கட்டுரையில், காலணி அணியும் பிள்ளைகளுள் 8.6 விழுக்காட்டினருக்கும், அணியாதோருள் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் இருந்ததாகக் கூறினர். மூடிய காலணி அணிந்தோரிடமே அது மிகுதி. அது வேறு குறை எனினும், வளரும் பாதத்தைக் காலணி எவ்வாறு வடிவமைக்கிறது என்பதற்கு அதுவும் சான்று. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் வாங்கிய காலணி டிசம்பருக்குள் சிறிதாகிவிடலாம். “இந்த வருஷம் முழுதும் இதையே போடு” என்று கூறுமுன் பிள்ளையின் விரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். அக்காளின் தேய்ந்த காலணியைத் தங்கைக்கு மாட்டுவதும் நன்றன்று. அது அக்காளின் பாதத்துக்கேற்ப வளைந்தது.

மேட்டூர்த் தாய்க்கு என்ன நேர்ந்தது?

அவரை மகன் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றான். இரத்தத்தில் சர்க்கரை இல்லை. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர், “இப்போதைக்கு அறுவை வேண்டாம்; முதலில் இந்தக் காலணியைத் தூக்கி எறியுங்கள்” என்றார். செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர், தாளில் பாதத்தை வரைந்து, முன்புறம் அகன்றதும் மென்தோலால் மூடியதுமான ஒரு சோடி தைத்துக் கொடுத்தார். ஒரு நாள் மீன் வியாபாரத்தில் மிஞ்சுவதைவிடச் சற்றுக் கூடுதலாகவே செலவாயிற்று. “இதற்கு இவ்வளவா!” என்று அத்தாய் கலங்கியபோது, “ஐந்து வருஷமாக விழுங்கிய மாத்திரைக்கு எவ்வளவு ஆயிற்று, அம்மா?” என்று மகன் கேட்டான். அவர் பேசவில்லை.

இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. அடுப்பருகே ஒரு மரமுக்காலி வந்தது. கூட்டம் மிகுந்த மாலையில் ஒரு மணி நேரம் மகனே கரண்டி பிடிக்கிறான். தாய் அமர்ந்து காசு வாங்குகிறார். மூன்று மாதங்களில் சிவப்பு தணிந்தது. இரவில் போர்வை பட்டால் வலிப்பதில்லை. குளிர்நாட்களில் சற்றே நோவு உண்டு. விரல் சாய்ந்தது சாய்ந்ததுதான். புடைப்பும் இருக்கத்தான் இருக்கிறது.

வரும் ஞாயிறன்று நீங்கள் ஆலய வாயிலில் செருப்பைக் கழற்றும்போது, உங்கள் தாயின் செருப்பை, மனைவியின் செருப்பை ஒருமுறை உற்று நோக்குங்கள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எந்த இடத்தில் வார் புடைத்து விரிந்திருக்கிறது என்று பாருங்கள். அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத வலியை அச்செருப்பு சொல்லும்.

இவ்வாண்டுப் பெரிய வியாழனன்று அந்தத் தாய் பன்னிருவருள் ஒருவராக அமர்ந்திருந்தார். தந்தை முழந்தாளிட்டு, அவருடைய வலப்பாதத்தைக் கையிலேந்தி நீர் வார்த்துத் துடைத்தார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. சடங்கு முடிந்து வெளியே வந்தபோது, “துடைக்கையில் வலித்ததா, அம்மா?” என்று கேட்டேன்.

“இல்லைங்க ஐயா. தண்ணீர்தான் சில்லென்று இருந்தது” என்றார்.

அடுத்த மாதம் குதிகால் வலியைக் குறித்துக் காண்போம்.